இறந்த இடம்: சிலமலை

ஒச்சப்பன் இறந்து ஐந்தாம் நாள் காலையில், சிலமலை மேற்குத் தெருவில் அவர் வீட்டு வாசலில் வந்து நின்று மொக்கச்சாமி சண்டைக்குக் கூப்பிட்டார்.

“ஏத்தா வேலுத்தாயி! வெளிய வா. ஒம்புருசன் என் புளியமரத்துல என்னைக்கு ஏறுனான்? எவன் ஏறச் சொன்னான்? அத மொதச் சொல்லு.”

துக்கம் கேட்க வந்து உட்கார்ந்திருந்த பெண்கள் திடுக்கிட்டு எழுந்தார்கள். “எழவு வீட்டுல வந்து இதென்ன பேச்சு?” என்றாள் ஒருத்தி. மொக்கச்சாமி அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அறுபதைத் தாண்டியவர். ஓடைக்கரையில் ஒன்றரை ஏக்கர் தோட்டமும் வரப்போரத்தில் நாலு புளியமரமும் அவருக்கு உண்டு. அந்த நாலு மரத்துக்காகப் பங்காளிகளோடு பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்து ஜெயித்தவர். மரத்தின் பேரைச் சொல்லி அவரிடம் யாரும் விளையாட முடியாது.

வேலுத்தாய் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

“என்ன மாமா சொல்றீக?”

“நேத்து ரெண்டு போலீசும் கிராம நிர்வாகமும் எந்தோட்டத்துல வந்து நிக்கிறாக. மரத்தச் சுத்தி டேப்ப வச்சு அளக்குறாக. எந்தக் கொப்புலருந்து விழுந்தான், நீ கூலிக்குக் கூப்பிட்டியா, அவனா ஏறுனானான்னு கேள்வி மேல கேள்வி. ஆனி மாசத்துல எவனாவது புளி உலுக்குவானா? தை மாசியில உலுக்கி, கோது எடுத்து, வித்தே முடிஞ்சுபோச்சு. இப்ப மரத்துல பூவுதான நிக்கிது? பூவப் பறிக்கவா ஏறுனான் ஒம்புருசன்?”

“அவுக மலையில செத்தாக மாமா. குருவிப்பாறை எஸ்டேட்டுல. நெழல் மரத்துலருந்து விழுந்து.”

“அது எனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும். பேப்பர்ல அப்படி இல்லையே. செத்த எடம் சிலமலை, மொக்கச்சாமி தோட்டம், புளியமரம்னு இருக்கு. வாசிச்சுக் காட்டுனாக.”

“யாரு எழுதுனது?”

“எழுதுனது போலீசு. சொன்னது ஒங் கொழுந்தன். கீழ கையெழுத்தும் அவந்தான்.”

வேலுத்தாய்க்கு முதலில் விளங்கவில்லை. ஒச்சப்பனின் தம்பி ராஜ்கமல் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறான். நடுவில் ஒரே சுவர். அவனுடைய ஜீப்பில்தான் சிலமலையிலிருந்து பதினாலு பேர் தினமும் விடியுமுன்னே மலையேறுவார்கள். ஒச்சப்பன், வேலுத்தாய் இரண்டு பேரும் அதில்தான் போய் வந்தார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான் போனார்கள். கீழே போடியில் வெயில் ஒரு மாசமாக மண்ணைச் சுட்டுக்கொண்டிருந்தது. முந்தல் தாண்டி மேலே ஏற ஏறச் சாரல் பிடித்துக்கொண்டது. கேரள எல்லையான போடிமெட்டில் ஜீப்பை நிறுத்தி ஆளுக்கொரு கட்டன்சாயா குடித்தபோது எதிரே இருக்கிற ஆளைத் தெரியாத அளவுக்கு மூடுபனி. மழைக்காலத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டிய கவாத்து வேலை அது. ஏலச்செடிக்கு மேலே நிழல் போட்டு நிற்கிற பெரிய மரங்களில் ஏறி, கொப்புகளைக் கழித்து, வெளிச்சம் விட வேண்டும். மரம் நனைந்து பாசி வழுக்கும்போது யாரும் ஏற மாட்டார்கள். சூப்பர்வைசர் மகாராஜன், “இன்னைக்கு இந்த ஒரு மரம்தாண்ணே, இது முடிஞ்சா இந்தப் பக்கம் முடிஞ்சுச்சு” என்று சொல்லி ஏற்றினான். மகாராஜன் பக்கத்து ஊரான ராசிங்காபுரத்துக்காரன். வேற்றாள் இல்லை.

வேலுத்தாய் பள்ளத்தில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் கட்டிய படுதாவில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டு மேட்டுக்கு ஓடி வந்தபோது அவரை ஏற்றிக்கொண்டு ராஜ்கமலின் ஜீப் போய்விட்டது. மரத்தடியில் அவருடைய வடக்கயிறு கிடந்தது, அரிவாள் கிடந்தது, ஒற்றைச் செருப்பு கிடந்தது. ரத்தம் மழைத்தண்ணீரோடு சேர்ந்து ஏலத்தட்டைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. விழுந்தவரின் தலையைத் தூக்கி மடியில் வைத்திருந்தவள் அமுதவள்ளி. அவளும் சிலமலைதான். “கழுத்து நிக்கலக்கா” என்று மட்டும் சொன்னாள். வேலுத்தாய் இன்னொரு ஜீப் பிடித்துக் கீழே வந்து சேர்வதற்குள் எல்லாப் பேப்பரும் எழுதி முடிந்திருந்தது. அதில் என்ன இருக்கிறதென்று அவள் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவள் இல்லை.

இப்போது மொக்கச்சாமி அவள் வாசலில் நிற்கிறார்.

அந்த நேரத்தில்தான் ராஜ்கமல் தூக்குவாளியில் டீ வாங்கிக்கொண்டு தெருவில் வந்தான். மழித்த தலையில் துண்டைக் கட்டியிருந்தான். ஒச்சப்பனுக்கு ஒரே மகள் என்பதால் கொள்ளி வைத்தவன் அவன்தான். மொக்கச்சாமியைப் பார்த்ததும் நடையைத் தளர்த்தினான்.

“ராஜ்கமலு, என் கண்ணப் பாத்துச் சொல்லு” என்றாள் வேலுத்தாய். “ஒங்கண்ணன் எங்க விழுந்தாரு?”

“மதினி, உள்ள போயிப் பேசுவோம்.”

“இங்கனயே சொல்லு. இம்புட்டுப் பேரு இருக்கயில சொல்லு.”

அவன் தூக்குவாளியைத் தரையில் வைத்தான். “மலையிலதான்.”

“அப்பறம் புளியமரம் எங்கருந்து வந்துச்சு?”

“மகாராஜன் அண்ணந்தான் சொன்னாரு மதினி. எஸ்டேட்டுல விழுந்தாருன்னு சொன்னா ஒடம்ப அங்கனயே வச்சுக்கிருவாக, மூணு நாளாகும், அந்த ஸ்டேசனு அந்த ஆஸ்பத்திரின்னு அலையணும், ஒங்களுக்குப் பாசையும் பத்தாதுன்னாரு. கீழ கொண்டுபோயி ஒங்கூர்லயே விழுந்ததாச் சொல்லிரு, சாயங்காலத்துக்குள்ள ஒடம்பு வீட்டுக்கு வந்துரும்னாரு. எனக்கு அந்நேரம் ஒண்ணும் ஓடல. போலீசு எடம் கேட்டாரு. வாய்ல வந்தது புளியமரம்.”

“வாய்ல வந்துச்சா!” என்று மொக்கச்சாமி பாய்ந்தார். “ஒம்வாய்ல வர்றதுக்கு எம்மரந்தானா கெடச்சுச்சு?”

வேலுத்தாய் கையை நீட்டி அவரை நிறுத்தினாள்.

“ஜீப்புல ஏத்தயில உசுரு இருந்துச்சா?”

ராஜ்கமல் தூக்குவாளியை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

“இருந்துச்சாடா?”

“இல்ல மதினி. தூக்கயிலயே இல்ல.”

“பத்து மைலுக்குள்ள அங்கனயே ஆஸ்பத்திரி இருக்கு. அங்க போகல. பதினேழு கொண்ட ஊசி வளைவையும் ஒரு பொணத்த வச்சுக்கிட்டு எறங்கியிருக்க. நீ உசுரக் காப்பாத்தப் போறன்னு நான் பின்னாடியே ஓடியாந்தேன். புலியூத்துக்கிட்ட ஒரு பஸ்சு குறுக்க நின்னுச்சு. அந்த டிரைவரக் கையெடுத்துக் கும்புட்டேன், எம்புருசன் முன்னாடி போறாரு, வெரசா வழி விடுண்ணேன்னு. எதுக்குடா கும்புட்டேன்?”

“மதினி…”

“வேற என்ன சொன்னான் மகாராஜன்? எல்லாத்தையும் சொல்லு.”

“ஒன் ஜீப்ப நிப்பாட்ட மாட்டோம், ஆளு ஏத்துற வேல ஒனக்குத்தான்னாரு.”

தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. வேலுத்தாய் நிலைப்படியை விட்டு இறங்கி அவன் முன்னால் நின்றாள். பிறகு கத்தாமல் கேட்டாள்.

“கையெழுத்துப் போட்ட கையாலதான கொள்ளியும் வச்ச?”

அதற்குப் பிறகு அவள் ராஜ்கமலோடு பேசவில்லை. சண்டைக்கு வந்த மொக்கச்சாமி தலையில் கைவைத்துக்கொண்டு வாசலிலேயே குத்தவைத்துவிட்டார். “அட நாசமாப் போறவனுகளா, செத்தவனக்கூட ஊரு மாத்துவீகளாடா” என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வேலுத்தாய் மகள் முனீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போடிக்குப் பஸ் ஏறினாள். முனீஸ்வரி காலேஜில் முதல் வருஷம் சேர்ந்திருந்தாள். இன்னும் ஒரு நாள்கூட வகுப்புக்குப் போகவில்லை. அவர்களுக்கு முன்னாலேயே மொக்கச்சாமி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார். “எம்மரத்து மேல கேசு இருக்குற வரைக்கும் நானும் வருவேன்” என்றார்.

தாலுகா ஆபீசில் கூப்பிடும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். சுவரில் மாவட்ட விவரங்களைப் பெயிண்டில் எழுதிய பெரிய பலகை. தாலுகா எத்தனை, கிராமம் எத்தனை என்று கட்டம் கட்டமாக இருந்தது. வேலுத்தாய் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுல என்னடி எழுதிருக்கு?”

“தேனி மாவட்டம். மக்கள்தொகை பன்னெண்டு லட்சத்து நாப்பத்தஞ்சாயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தொம்போது.”

“எப்ப எண்ணுனது?”

“ரெண்டாயிரத்துப் பதினொண்ணுலம்மா.”

“அப்ப ஒங்கப்பன் அதுல உண்டுமா?”

“உண்டும்மா. நானும் உண்டு. எனக்கு அப்ப மூணு வயசு.”

“எண்ணயில எண்ணிக்கிட்டாக. இப்ப என்ன சொல்றாகன்னு பாப்போம்.”

சூர்யகலா என்கிற எழுத்தர் அம்மாள், இறந்த இடத்தைத் திருத்தக் கேட்ட மனுவை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “போலீஸ் அறிக்கையில சிலமலைன்னு இருக்கு. பிரேதப் பரிசோதனையும் இங்க. அத வச்சு இங்க பதிஞ்சாச்சு. நான் நெனச்சா எடத்த மாத்த முடியாதும்மா.”

“மேடம், அன்னைக்குப் போடியில மழை பேஞ்சுச்சா?” என்று வேலுத்தாய் கேட்டாள்.

“என்னம்மா கேக்குறீங்க?”

“சிலமலையில சொட்டுத் தண்ணி இல்ல. ஒரு மாசமா இல்ல. அவுக சட்ட, கைலி, தலைத்துண்டு எல்லாம் புழிஞ்சா ஊத்துற அளவுக்கு நனஞ்சு இருந்துச்சு. ஆஸ்பத்திரில மூட்டையாக் கட்டிக் குடுத்தாக. மொழங்காலெல்லாம் பச்சப் பாசி. எந்தப் புளியமரத்துல பாசி புடிக்கும்? இத்தன பேரு பாத்துருக்காக, ஒருத்தருகூடக் கேக்கலையே?”

சூர்யகலா மனுவை மறுபடியும் புரட்டினார். பக்கத்து மேசைக்காரர், “அங்கதான் எறந்தாருன்னா அது நம்ம மாவட்டமே இல்லையேம்மா. கேரளாவுல போயிக் கேளுங்க” என்றார்.

“அங்க போனா?”

“அது அவங்க பாடு.”

வேலுத்தாய் எழுந்துவிட்டாள். “பொய்யச் சொல்றவரைக்கும் எம்புருசன் ஒங்க மாவட்டம். நெசத்தச் சொன்னா ஒங்க மாவட்டம் இல்ல. அப்படித்தான?”

வாசல் வரைக்கும் சூர்யகலா பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்தி, “எந்த ஊர்ல நடந்துருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் புகார் வாங்கித்தான் ஆகணும், எழுதிக் குடுங்க” என்றார். “ஆனா சாட்சி வேணும். கொண்டுவந்தவர் மொதல்ல சொன்னது தப்புன்னு சொல்லணும். அங்க நடந்துச்சுங்கறதுக்கு அங்க ஏதாவது இருக்கணும்.”

போடி போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள். ‘விசாரிக்கிறோம்’ என்றார்கள். ஆடி முழுவதும் அதையேதான் சொன்னார்கள்.

ஆவணி முதல் வாரத்தில் வேலுத்தாய் மலைக்குக் கிளம்பினாள். அந்த நேரத்தில் மேலே போக வேறு வண்டி கிடைக்கவில்லை. ராஜ்கமல் முனீஸ்வரியிடம் வந்து, “நாங் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லு தாயி” என்றான். வேலுத்தாய் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். மொக்கச்சாமி முன்சீட்டில். முனீஸ்வரி அம்மா பக்கத்தில்.

மலைக்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு இளைஞர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார். அப்படி ஒரு சாவு பதிவில் இல்லை என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

“இவிடெ அங்ஙனெ ஒரு மரணம் இல்ல சேச்சி. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்நிட்டில்ல. போலீஸ் ரிப்போர்ட் வந்நிட்டில்ல. ஆள் இவிடத்துக்காரனும் அல்ல.”

“எஸ்டேட்டுல வேல செஞ்சாரு தம்பி. பத்தொம்போது வருசம்.”

அவர் எஸ்டேட்டுக்குப் போன் போட்டார். பேசிவிட்டு வைத்தார். அவர்களுடைய பதிவேட்டில் ஒச்சப்பன் என்கிற பேரில் ஆளே இல்லையாம். அன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே இல்லையாம்.

வெளியே வந்து மழையில் நின்றார்கள். “பத்தொம்போது வருசம்” என்று வேலுத்தாய் திரும்பத் திரும்பச் சொன்னாள். “கீழ கேட்டா மேலங்கறான். மேல கேட்டா ஆளே இல்லங்கறான். அப்ப எங்கூடப் படுத்து எந்திரிச்சவரு யாருடி? நீ யாருக்குடி பெறந்த?”

முனீஸ்வரி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மொக்கச்சாமி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சொன்னார்: “இம்புட்டுத் தூரம் வந்தாச்சு. அந்த எடத்த எங்கண்ணுல காட்டுத்தா. என்ன மரம்னு நானாச்சும் பாக்குறேன்.”

கேட் வழியாக விட மாட்டார்கள் என்று தெரியும். ஓடையை ஒட்டி வேலைக்காரர்கள் போகிற ஒற்றையடிப் பாதையில் வேலுத்தாய் முன்னால் நடந்தாள். அட்டை கடிக்கிறதைக்கூடப் பார்க்கவில்லை. மேட்டில் ஏறியதும் நின்றாள். இடது பக்கம் போனாள், வலது பக்கம் வந்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“காணோம்.”

“எது?”

“மரத்தக் காணோம் மாமா. இங்கனதான். அந்தப் பாறை இருக்கு, இந்தத் தண்ணிக்குழா இருக்கு. மரத்தக் காணோம்.”

அவள் காட்டிய இடத்தில் புதிதாக நட்ட ஏலக்கன்றுகள் நின்றன. சுற்றிலும் மற்ற இடமெல்லாம் மேலே நிழல் மூடியிருக்க, அங்கே மட்டும் வானம் திறந்திருந்தது. மொக்கச்சாமி அண்ணாந்து பார்த்தார், குனிந்து பார்த்தார். பிறகு முழங்கால் போட்டு உட்கார்ந்து, கன்றுகளுக்கு நடுவே குவித்திருந்த சருகையும் மண்ணையும் இரண்டு கையாலும் வாரித் தள்ளினார். ஒரு முழ ஆழத்தில் வெளுப்பாக ஏதோ தெரிந்தது. வழித்துவிட்டார். மூன்று பேர் சேர்ந்து உட்காரலாம் போல அகலமான அடிக்கட்டை. ரம்பம் போன தடம் இன்னும் கறுக்கவில்லை.

“அறுத்துப் புதைச்சுருக்கானுக” என்றார். “மரத்த அறுத்துப் புதைச்சுருக்கானுகடா!”

முனீஸ்வரி போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மகாராஜன் வந்துவிட்டான். குடை பிடித்திருந்தான். பின்னால் பத்துப் பன்னிரண்டு வேலைக்காரிகள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அமுதவள்ளியும் நின்றாள்.

“யாரக் கேட்டு உள்ள வந்தீக? மதினி, நீங்கன்னு பாக்குறேன். வெளிய போங்க.”

“மரம் எங்க மகாராஜா?”

“எந்த மரம்? இங்கன மரமே இல்ல.”

“ஆளும் இல்ல, மரமும் இல்ல!” வேலுத்தாய் அவனுக்கு நேரே போய் நின்றாள். “ஏம் மகாராஜா, ஒனக்கு மஞ்சக்காமால வந்தப்ப ராசிங்காபுரத்துக்கு ஒன்னத் தோள்ல தூக்கிட்டுப் போனது யாரு? அந்த ஆளும் இல்லையா? எந்தூக்குச் சட்டியில கத்திரிக்காக் கொழம்பு எடுத்துத் தின்னியே, அந்தச் சட்டியாச்சும் உண்டுமா, அதுவும் இல்லையா?”

மகாராஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “மொதலாளி சொல்றதத்தான் மதினி நான் செய்ய முடியும்” என்றான். மழைச் சத்தத்தில் அது பாதிதான் கேட்டது.

ரோட்டுக்கு வந்து டீக்கடையில் ஒதுங்கினார்கள். கடைக்காரர் மலையாளி, தமிழ் பேசுவார். முனீஸ்வரி படத்தைக் காட்டினாள். ஆள் இறந்ததைச் சொன்னபோது, “பாவம்” என்று தலையாட்டினார். அடிக்கட்டையைப் பெரிதாக்கிக் காட்டியதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

“இது எப்பம் வெட்டியது? இவிடெ மரம் வெட்டக் கூடாது மோளே. ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் உண்டு. ஃபாரஸ்ட்காரன் அறிஞ்ஞால் விடமாட்டான்.”

வேலுத்தாய் டீயைக் குடிக்காமல் எழுந்தாள்.

வனத்துறை ஆபீஸ் இரண்டு வளைவு தள்ளி இருந்தது. ‘மரம்’ என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளேயிருந்த அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார், இடம் கேட்டார், பீரோவிலிருந்து பெரிய பதிவேட்டை எடுத்தார், மூன்று ஆட்களைக் கூப்பிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் வனத்துறை ஜீப் எஸ்டேட் கேட்டைத் திறக்கச் சொல்லி ஹாரன் அடித்தது. பின்னால் ராஜ்கமலின் ஜீப்.

இருநூற்றுப் பதினேழாம் எண் மரம் நின்றது. இருநூற்றுப் பத்தொன்பது நின்றது. இருநூற்றுப் பதினெட்டு இல்லை. பதிவேட்டில் அதன் ஜாதி, சுற்றளவு, உயரம், எந்தப் பாறையிலிருந்து எத்தனை மீட்டர் என்று எல்லாம் இருந்தது. அதிகாரி அடிக்கட்டையில் டேப்பை வைத்து அளந்துவிட்டு, “எப்போ வெட்டினது? எந்தினு, ஏன்?” என்று அங்கே நின்ற எல்லாரையும் பார்த்துக் கேட்டார். மகாராஜன் போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளித் தள்ளிப் போனான்.

“நான் சொல்றேன் சார்.”

அமுதவள்ளி முன்னால் வந்தாள். படுதாவை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தாள்.

“ஆனி மாசம் ஒரு ஆளு இதுலருந்து விழுந்து செத்துட்டாரு சார். ஒச்சப்பண்ணன். எம்மடியிலதான் தல கெடந்துச்சு. மூணாம் நாளே ரம்பத்தக் கொண்டாந்து அறுத்துட்டாக.” சொல்லிவிட்டு வேலுத்தாயைப் பார்த்தாள். “சொல்லிருக்கணும்க்கா. எனக்கும் வீட்டுல அடுப்பெரியணும்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்துட்டேன்.”

ஜீப்பருகே நின்ற ராஜ்கமல் நடந்து வந்தான். மழித்த தலையில் மயிர் அரை விரல் வளர்ந்திருந்தது. “ஒடம்பக் கொண்டுபோனது நாந்தான் சார்” என்றான். “புளியமரம்னு பொய் சொன்னதும் நாந்தான். எழுதிக்கங்க.”

“பொய் சொன்னதுக்கு ஒன்மேல கேசு வரும்டா” என்று மகாராஜன் தூரத்திலிருந்து கத்தினான்.

“வரட்டும்ணே.”

அதிகாரி எழுதினார். இன்ன எண் மரம், அதிலிருந்து ஒரு தொழிலாளி விழுந்து இறந்ததைத் தொடர்ந்து, அனுமதியின்றி வெட்டப்பட்டது என்று எழுதி, படித்துக் காட்டி, சாட்சிக் கையெழுத்து வாங்கினார். மலைக்கு அந்தப் பக்கத்து அரசாங்கத்தில் ஒச்சப்பனின் சாவு முதன்முதலாக ஏறியது அந்தக் காகிதத்தில்தான். ஒரு மரம் காணாமல் போனதற்குக் காரணமாக.

முனீஸ்வரி அதை அம்மாவுக்கு விளக்கிச் சொன்னாள். வேலுத்தாய் நன்றி சொல்வாள் என்று அதிகாரி எதிர்பார்த்திருக்கலாம்.

“சார், மரத்துக்கு ஒரு மணி நேரத்துல வந்தீக” என்றாள். “அதுக்கு நம்பரு இருக்கு, நோட்டு இருக்கு, அளக்க ஆளு இருக்கு. ஒங்களக் கொற சொல்லல. ஒங்க சோலி அது. நான் ரெண்டு மாசமா ரெண்டு மாவட்டம் ஏறி எறங்குறேன். பத்தொம்போது வருசம் இந்த மலையில கெடந்த மனுசன எவனும் ஒரு நோட்டுல எழுதலையே சார்? அவரு இந்த மரத்த விடக் கேவலமா?”

அதிகாரிக்குத் தமிழ் புரிந்தது. பதிவேட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுதிய காகிதத்தின் நகலை அவளிடம் நீட்டினார்.

அந்தக் காகிதத்தின் நகலை வைத்துத்தான் மற்றதெல்லாம் நகர்ந்தது. மரத்துக்காக எஸ்டேட்காரர் மேல் அந்த வாரமே வழக்கு. மனுஷனுக்காக வழக்குப் பதிய ஐப்பசி ஆனது. மகாராஜனை முதலாளி வேலையை விட்டு அனுப்பினார், எல்லாம் அவன் செய்தது என்று சொல்லிவிட்டார். இழப்பீட்டு வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது. ராஜ்கமல் பொய்த்தகவல் கொடுத்த குற்றத்துக்கு மாசம் ஒருமுறை கோர்ட்டுக்குப் போய் வருகிறான். குருவிப்பாறைக்கு அவன் ஜீப் போவதில்லை, வேறொரு எஸ்டேட்டுக்கு ஓட்டுகிறான். மொக்கச்சாமியின் புளியமரத்தை விட்டுவிட்டார்கள். “தப்பிச்சாண்டா எம்பய” என்று மரத்தைத் தட்டிக் கொடுத்தார்.

மார்கழியில் புது இறப்புச் சான்றிதழ் வந்தது. முனீஸ்வரி இறந்த இடத்தை மட்டும் வாசித்தாள். எஸ்டேட் பேர், வார்டு எண், இடுக்கி மாவட்டம். வேலுத்தாய் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். அழுகை வரவில்லை. “இதுக்கு இம்புட்டுப் பாடு” என்று சொல்லிவிட்டு, அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

தை பிறந்ததும் அவள் வேலைக்குக் கிளம்பினாள். வேறு வழியில்லை. விடியாத பனியில் தூக்குச்சட்டியோடு தெருமுனைக்கு வந்தபோது ராஜ்கமலின் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. பெண்கள் ஏறி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். “வாக்கா, வெரசா ஏறு” என்று அமுதவள்ளி இடம் விட்டாள்.

வேலுத்தாய் ஏறவில்லை. மகளுடைய பழைய காலேஜ் நோட்டு ஒன்றை மடியிலிருந்து எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் ஜீப்பின் மூக்குமேல் வைத்தாள்.

“பேரு எழுதாம வண்டி போகாது” என்றாள். “இன்னைக்குத் தேதி. யாரு, எந்தூரு, எந்த எஸ்டேட்டுக்குப் போறோம். எழுதி, படம் புடிச்சு, முனீஸ்வரிக்கு அனுப்பீட்டுத்தான் கெளம்பணும். தெனமும்.”

“நேரமாச்சுக்கா. லேட்டாப் போனா திருப்பி அனுப்பிருவான்” என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

“அனுப்பட்டும். திரும்பி வர்ற ஆளுக்கு வீடு இருக்கு. வராத ஆளுக்கு நானு அலஞ்ச மாதிரி நீ அலைவியா?”

ராஜ்கமலின் போன் அடித்தது. மேலேயிருந்து சூப்பர்வைசராக இருக்கும். அவன் எடுக்கவில்லை. இறங்கி வந்து, நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டான். அமுதவள்ளி தன் பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். அடுத்தவள் சொன்னாள். குளிரில் அவன் விரல்கள் விறைத்து எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. எல்லார் பேரும் எழுதி ஆனபின் நோட்டை மூடப்போனவன் தயங்கினான். ஏழு மாசமாக அவளிடம் நேராக எதுவும் கேட்டதில்லை.

“மதினி, எம்பேரு எழுதணுமா?”

வேலுத்தாய் ஜீப்பின் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டே சொன்னாள்.

“நீயுந்தான மேல வர்ற. எழுது.”